பரமேஸ்வரிக்கு நான் போட்ட புள்ளடி

எங்கள் அறிக்கையை நம்புவதென்றால், யுத்த காலத்தில் திருகோணமலைப் பக்கம் கால் இழந்தவர்களில் அநேகம் பேர் மரத்தால் விழுந்தவர்கள். மிச்சப் பேர் கிணற்றுக்குள் விழுந்தவர்கள். செல்குண்டு பட்டவர், மிதிவெடியில் அகப்பட்டவர் என்று மருந்துக்கும் ஒருவர் இல்லை. அப்படியொரு யுத்தம் நடந்ததே அதைப் படிப்பவருக்குத் தெரியவராது. தடித்த மட்டை போட்ட, நல்ல வழுவழுப்பான அறிக்கை. அதற்காகச் சேர்த்த படிவங்களில் பாதி என்னுடைய கையெழுத்து. ஆகவே மற்றவர்களைக் குறை சொல்லத் தொடங்கும் முன் என்னையும் அதில் சேர்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். மாற்றுத்திறனாளிகளின் வீடும் அயல் ஆதரவும் பற்றித் திரும்பவும் ஓர் ஆய்வாம். இப்போது கடதாசி இல்லை. கையில் ஒரு பலகை, அதில் விரலால் தட்டினால் சரி. நாங்கள் "அங்கவீனர்" என்று எழுதிய இடத்தில் இப்போது மரியாதையான சொல் வந்திருக்கிறது. சொல்லாவது முன்னேறியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பயிற்சி வகுப்பில் பத்து நிமிஷம் என் அனுபவத்தைச் சொல்லவேண்டும் என்று கேட்டார்கள். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு, அதில் சின்னவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அன்ரி, ஒரு ஆளுக்கு உதவி கிடைக்கவேணும் எண்டதுக்காக விடையைக் கொஞ்சம் மாத்திப் போடுறது பிழையோ?"

பத்து நிமிஷத்தில் இதற்கு மறுமொழி சொல்ல ஏலாது பிள்ளை, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிற வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்பதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. படிப்பு முடித்து வீட்டில் இருந்தேன், விளம்பரம் வந்தது, போனேன். மூன்று நாள் பயிற்சி. குளிரூட்டிய மண்டபத்தில் சக்கர நாற்காலிப் படம் ஒன்றைச் சுவரில் காட்டினார்கள். அங்கவீனரோடு அன்பாகப் பேசவேண்டும் என்றார்கள். மத்தியானம் கோழிப் புரியாணி தந்தார்கள். மூன்று நாளும் அந்த மண்டபத்துக்குள் நடக்க ஏலாத ஒரு ஆள் வரவில்லை. வர நினைத்தாலும் ஏலாது, வாசலில் பதினொரு படி.

எங்கள் பணிப்பாளர் சிற்சபேசன் ஐயா. முழுக்கைச் சட்டை, அதன் பையில் சிவப்புப் பேனை, கையில் கோடு போடுகிற ஓர் அடிமட்டம். ஒவ்வொரு படிவத்தையும் அடிமட்டத்தை வரிக்கு வரி கீழே இறக்கிக்கொண்டே வாசிப்பார். அடிமட்டம் எங்கேயாவது நின்றால் அங்கே பிழை என்று அர்த்தம். வீட்டில் மனைவியோடு பேசும்போதும் எழுத்துத் தமிழ்தான் என்று சொல்லுவார்கள். பட்டணத்து எல்லையில் இராணுவம் மறித்துச் சோதிக்கும் சென்றிப் பொயின்ரைத் தாண்டி அவர் களத்துக்கு வந்ததே இல்லை. "பணிப்பாளர் தடுத்து வைக்கப்பட்டால் திட்டம் நின்றுவிடும்" என்பார். நாங்கள் பிடிபட்டால் திட்டம் நடக்கும் என்பது அதிலேயே அடங்கும்.

அவருடைய முதலாவது பாடம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. ஒரு படிவத்தின் ஓரத்தில், "இவருக்கு மழைக்கு இருமல் வருகிறது, கூரை ஒழுகுகிறது" என்று எழுதியிருந்தேன். அடிமட்டம் நின்றது.

"இது என்ன?"

"அவர் சொன்னது ஐயா."

"பெட்டிக்கு வெளியே எழுதாதீர்கள். வெளியே எழுதுவது அபிப்பிராயம். உள்ளே எழுதுவதுதான் தரவு."

அந்தக் கிழவனின் இருமலை அழிறப்பரால் அழித்தார். ஊதி விட்டார். பிறகு அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்கியது.

படிவத்தில் அறுபத்து நான்கு கேள்விகள். களத்தில் பென்சிலால் நிரப்பவேண்டும். ஐயா பார்த்த பிறகுதான் பேனை. பென்சில் என்பது எங்களுக்கு இன்னொரு வகையில் வசதி. திரும்பி வரும்போது சென்றியில் பையைக் கொட்டி ஒவ்வொரு தாளாகப் புரட்டுவார்கள். "அங்கவீனத்துக்கான காரணம்" என்ற கேள்விக்கு நேரே "செல்" என்று இருந்தால் முடிந்தது. அந்த ஆள் யார், எங்கே வைத்துப் பட்டது, ஏன் அங்கே போனவர் என்று துவங்குவார்கள். அடுத்த நாள் அந்த வீட்டு வாசலில் ஜீப் நிற்கும். ஆகவே சென்றிக்கு அரை மைல் முன்னாலேயே சைக்கிளை நிறுத்தி, புளியமர நிழலில் குந்தியிருந்து, அழித்து அழித்து எழுதுவோம். நான் ஒரே நாளில் ஏழு பேரைத் தென்னையால் விழுத்தியிருக்கிறேன். அதில் ஒருத்தி எழுபது வயது மனுசி.

ஐயாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், "இந்த மாவட்டத்து மக்கள் மரம் ஏறுவதில் கவனக்குறைவாக உள்ளனர்" என்று எழுதினாரே, அதுதான் அவருடைய திறமை. பாதுகாப்பாக மரம் ஏறுவது எப்படி என்று ஒரு சுவரொட்டி அடித்து எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பினோம். கிண்ணியாவுக்குப் படகுப் பாதையில் ஒரு கட்டு நானே கொண்டுபோனேன். வாங்கிக்கொண்ட அதிபர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

இனி புள்ளிக் கதை. ஒவ்வொரு விடைக்கும் ஒரு புள்ளி. கூரை ஓலைக் கிடுகென்றால் இவ்வளவு, தகரமென்றால் இவ்வளவு. கூட்டிக் கூடுதலாக வருகிற பன்னிரண்டு பேருக்குத் திட்டத்தில் வீடு. அதிக புள்ளி தருவது இருபத்தேழாம் கேள்வி: "பராமரிப்பவர் யார்?" கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், சகோதரர், சம்பளம் பெறும் உதவியாளர், நிறுவனம், எவருமில்லை. ஏதாவது ஒன்றுக்குத்தான் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போடலாம். அயலவர் என்று பெட்டியே இல்லை. குளிரூட்டிய அறையில் இருந்து கேள்வி தயாரித்தவர்களுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று உலகத்தில் இருப்பது ஞாபகம் வரவில்லை.

எங்களில் மனச்சாட்சி உள்ளவர்கள் எல்லோரும் அந்தக் கேள்வியில் கை வைப்போம். பாவப்பட்ட சனம், "எவருமில்லை" என்று எழுதிவிட்டுப் போவோமே என்று. அது எங்களுக்குள் ஒரு இரகசியமான தர்மம் மாதிரி நடந்தது. நான் அதில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தேன்.

பரமேஸ்வரியிடம் போனது அந்தக் கெட்டித்தனத்தோடுதான். சாம்பல்தீவுக்கு அங்காலை, கடலோரத்தில், அவளுடையதை விட்டால் இருபத்தொரு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. கரைவலை இழுக்கும் சனம். பரமேஸ்வரிக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போயின. கையை ஊன்றி நிலத்தில் அரைந்து அரைந்துதான் போவாள். தாய் தகப்பன் இல்லை. தமையன் படகேறிப் போனவன் கடிதம் போடுவதில்லை. கிழிந்த வலை பொத்துவது அவள் வேலை. அவள் பொத்தின இடம் எதென்று கண்டுபிடிக்க ஏலாது என்பார்கள். நாக்கும் ஊசி மாதிரித்தான்.

"இருங்கோ மிஸ். கதிரை ஒண்டுதான் இருக்கு. அது என்ர வாகனம், ஆனா நீங்கள் இருக்கலாம்."

பழைய மரக்கதிரை. இரண்டு பக்கமும் தோணித் துடுப்பு நீளவாக்கில் வைத்துக் கட்டியிருந்தது. அது ஏன் என்று விளங்காமலே ஏறி இருந்தேன். இருபத்தேழாம் கேள்விக்கு வந்தோம்.

"நீங்கள் தனியவோ இருக்கிறீங்கள்?"

"ஓம், தனியத்தான். ஆனா இருபத்தொரு வீடும் வந்து போகும்."

"உங்களைப் பாக்கிறது ஆரெண்டு ஒரு பேர் சொல்லுங்கோ."

"இண்டைக்கு என்ன கிழமை? வியாழனோ? அப்ப இந்த வியாழன் மகேஸ் அக்கா வீட்டு முறை."

மகேஸ் அக்கா என்பது வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியாரின் மனைவி. அடுத்த வளவு. நான் பென்சிலைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு, எந்தப் பெட்டி என்று முழித்துக்கொண்டிருந்தபோது கடல் பக்கம் இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். அடுத்தது இன்னும் கிட்ட. நேவி காட்டுப் பக்கம் செல் அடிக்கிறான் என்று யாரோ கத்தினார்கள். நான் எழும்புவதற்குள் வேலியைப் பிரித்துக்கொண்டு சம்மாட்டியாரும் அவருடைய மச்சானும் வந்தார்கள்.

"மிஸ், கதிரையை விடுங்கோ!"

என்னை ஏறக்குறைய உதறித்தான் கதிரையை எடுத்தார்கள். பரமேஸ்வரியை ஒரே தூக்கு. துடுப்பு இரண்டும் தோளில் ஏறின. கண் மூடித் திறப்பதற்குள் அவள் சாமி எழுந்தருளின மாதிரி ஒழுங்கைக்குள் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் மகேஸ் அக்கா, கையில் பரமேஸ்வரியின் உடுப்புப் பை. தன் வீட்டுப் பை இன்னும் வாசலிலேயே கிடந்தது. முற்றத்தில் மிஞ்சினது நானும் அறுபத்து நான்கு கேள்விகளும்தான். கதிரைக்கு மேலே இருந்து பரமேஸ்வரி திரும்பிக் கத்தினாள்.

"அந்த மிஸ்ஸையும் ஆராவது கூட்டி வாங்கோ! அதுக்கு வழி தெரியாது!"

படிவத்தையும் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு கதிரைக்குப் பின்னால் ஓடினேன்.

பள்ளிக்கூடக் கட்டடத்தில் சுவரோரம் குந்தியிருக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னார்கள். முதல் தடவை இடம்பெயர்ந்தபோது, எல்லோரும் ஓடிப் பாதி வழியில்தான் அவளை விட்டுவிட்டு வந்தது தெரிந்ததாம். திரும்பிப் போய்த் தூக்கி வந்தார்கள். அதன் பிறகு இந்த முறை. ஒவ்வொரு நாளும் ஒரு வீடு. அன்றைக்கு அந்த வீடு தண்ணீர் அள்ளிக் கொடுக்கும், சோறு கொடுக்கும், சத்தம் கேட்டால் தன் பிள்ளைகளைக் கூட்டத்தோடு விட்டுவிட்டு அவளை முதலில் தூக்கும். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் பிந்தினதும் இல்லை.

எனக்கு மெய் சிலிர்த்தது. இதை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று அப்போதும் யோசித்தேன், அதுதான் வெட்கம்.

சத்தம் ஓய்ந்து, சனம் வெளியே போன பிறகு பரமேஸ்வரி என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், வீடு தருவினம் எண்டீங்கள். அதிலை கக்கூஸ் இருக்குமோ?"

"இருக்கும். பிடிச்சு எழும்ப இரும்புக் கம்பியோட."

"உள்ளுக்குக் கொழுக்கி போடுற கதவோ?"

"ஓம்."

தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"விடிய வெள்ளாப்பிலை முறை வீட்டுப் பொம்பிளையள் ரெண்டு பேர் வருவினம். பத்தைக்குள்ளை தூக்கிக்கொண்டு போய்ப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம், ஊர்க்கதை கதைச்சுக்கொண்டு. தங்கமான சனம் மிஸ். ஆனா அவைக்கு நேரம் வந்தாத்தான் எனக்கும் வயிறு. பகலிலை நான் தண்ணி குடிக்கிறேல்லை. எனக்கு விபரம் தெரிஞ்ச காலத்திலை இருந்து அதுக்கு நான் தனியப் போனதில்லை."

"அவையிட்டச் சொல்லலாமே?"

"என்னெண்டு சொல்லுறது? உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு என்னைச் சுமக்கிற ஆக்களிட்ட, இன்னும் ஒண்டு தாங்கோ எண்டோ?"

நான் அங்கேயே புள்ளியைக் கூட்டிப் பார்த்தேன். இருபத்தேழில் "எவருமில்லை" என்றால் வீடு வரும். வேறு எதைப் போட்டாலும் வராது. அவளிடம் சொன்னேன். வெளியே மகேஸ் அக்கா அவளுக்காகக் குடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நின்றார். பரமேஸ்வரி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஒருத்தரும் பாக்கமாட்டினம்தானே மிஸ்?"

"ஒருத்தரும் பாக்கமாட்டினம். அது ஒஃபிஸிலை இருக்கும்."

"அப்ப போடுங்கோ."

கதிரைக்குப் பின்னால் ஓடி வந்த களைப்பே இன்னும் ஆறவில்லை. அந்தக் களைப்போடு "எவருமில்லை" என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டேன். நேர்த்தியான புள்ளடி. ஐயாவின் அடிமட்டம் அதில் நிற்கவே இல்லை.

பெயர்ப் பட்டியல் வந்தது. பரமேஸ்வரிக்கு நான்காம் இடம். காசு கொடுக்கிறவர்கள் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று எழுதியிருந்தார்களாம். அதனால் தெரிவான ஒவ்வொருவரையும் ஏன் தெரிவு செய்தோம் என்ற காரணத்தோடு பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டவேண்டும் என்று ஐயா முடிவெடுத்தார். பொது இடம் என்றால் அந்தக் காலத்தில் ஒரே இடம்தான்: நிவாரண அரிசிக்குச் சனம் வரிசையில் நிற்கும் கூட்டுறவுச் சங்கக்கடை. கோதுமைமாப் பசையோடு அனுப்பப்பட்டவள் நான்.

சுவரில் விரித்துத் தடவும்போதுதான் வாசித்தேன். "செ. பரமேஸ்வரி. பராமரிப்பதற்கு எவருமில்லை. அயலவரின் உதவியும் அறவே கிடையாது." இரண்டாவது வசனம் ஐயாவின் சொந்தச் சரக்கு. வசனம் மொட்டையாக நிற்கிறதே என்று அழகுக்குச் சேர்த்திருக்கிறார்.

பசை ஈரமாக இருந்தது. கிழித்திருக்கலாம். மழை, ஆடு, காற்று என்று நூறு பொய் சொல்லியிருக்கலாம். பொய்யில் நான் என்ன பிந்தினவளா? கிழிக்கவில்லை. ஐயாவின் சிவப்புப் பேனை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நாலு மூலையையும் நன்றாக அழுத்திவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை போனேன். பரமேஸ்வரி வலைக்கு முன்னால் இருந்தாள், ஊசி ஓடவில்லை. வாசலில் ஒரு குடம் தண்ணீர், மூடின கோப்பையில் சோறு.

"எல்லாம் வருது மிஸ். ஒரு நாளும் தவறேல்லை. கதை மட்டும் வாறேல்லை."

"ஏன்?"

"வரிசையிலை நிண்டு வாசிச்சிருக்கினம். மகேஸ் அக்கா அரிசி எடுக்காமலே திரும்பி வந்தவவாம். இப்ப விடியக் கூட்டிக்கொண்டு போகேக்கையும் ரெண்டு பேரும் வாய் திறக்கிறேல்லை. முந்தி அந்தக் கதை எனக்கு அரியண்டமா இருந்தது. இப்ப அது இல்லாமல் செத்துப் போகலாம் போல கிடக்கு."

"நான்தான் எழுதினது எண்டு சொல்லியிருக்கலாமே!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னா உங்கட வேலை போயிடும் எல்லோ?"

அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க ஏலாமல் போயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கை முழுக்க அழுதேன். சென்றியில் என்ன ஏது என்று கேட்டார்கள். கண்ணுக்குள் மண் என்றேன். அதுவும் பொய்.

நேரே ஐயாவிடம் போனேன்.

"ஐயா, பரமேஸ்வரியின் படிவத்தில் நான் பொய் எழுதிவிட்டேன்."

அடிமட்டத்தைக் கீழே வைக்காமலே கேட்டார். "எங்கே எழுதினீர்கள்?"

"இருபத்தேழாம் கேள்வியில்."

"பெட்டிக்கு உள்ளேயா, வெளியேயா?"

"உள்ளே ஐயா."

"அப்படியானால் அது தரவு."

ஆட்சேபணை இருந்தால் பொதுமக்கள் பதினான்கு நாளுக்குள் உரிய படிவத்தில் தெரிவிக்கலாம் என்றார். உத்தியோகத்தர் தன்னுடைய தரவுக்குத் தானே ஆட்சேபணை தெரிவிக்க வழியில்லை என்றார். அவளுக்கு வீடு தேவையில்லை ஐயா, இருக்கிற இடத்திலேயே ஒரு கக்கூஸ் போதும் என்று கெஞ்சினேன்.

"இது வீட்டுத் திட்டம். மலசலகூடம் வீட்டின் ஓர் உறுப்பு. உறுப்பை மட்டும் தனியாக வழங்க முடியாது."

இதை அங்கவீனர் திட்டத்தின் பணிப்பாளர் சொன்னார்.

அந்தப் பன்னிரண்டு வீடுகளும் எங்கே என்று சொல்லவில்லையே. கடலை விட்டு மூன்று மைல் உள்ளே, வெட்டவெளியில், ஒரே நிரையில். மேற்பார்வை செய்ய வசதியாம். நடக்க ஏலாத பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து, தூக்கக்கூடிய சனத்திடமிருந்து பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற திட்டம். ஒவ்வொரு வாசலிலும் சக்கர நாற்காலிக்கு ஒரு சாய்தளம். அதன் சரிவு வெளிநாட்டு அளவுப்படி மயிரிழையும் பிசகவில்லை. சாய்தளம் முடிகிற இடத்தில் முழங்கால் மணல்.

"ஐயா, செல் அடி துவங்கினால் அங்கே யார் யாரைத் தூக்குவது?"

"பயனாளிகள் ஒருவருக்கொருவர் ஆதரவாக இருப்பார்கள். அறிக்கையில் அதற்கு ஓர் அத்தியாயம் உண்டு."

அடுத்த நாள் அலுவலகத்துக்குப் போகவில்லை. கடற்கரைக்குப் போனேன். வலை வந்து, மீனைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக ஊரே நின்றது. பரமேஸ்வரியும் கொஞ்சம் தள்ளி, கிழிந்த மடிவலையை இழுத்து வைத்துக்கொண்டு இருந்தாள். அவளைச் சுற்றி ஆளில்லாத ஒரு வட்டம். நான் நடுவில் போய் நின்று, அந்தப் பட்டியலில் இருப்பது அவள் சொன்னதில்லை, நான் போட்டது என்றேன். அவள் சம்மதித்ததையும் மறைக்கவில்லை. இன்னொரு பொய் வேண்டாம் என்று இருந்தது.

மகேஸ் அக்கா கையிலிருந்த மீனைக் கீழே போட்டார். அதுவரை என்னை "மிஸ்" என்றும் "நீங்கள்" என்றும் கதைத்த மனுசி.

"பிள்ளை, நீ கண்ணாலை பாத்தனி. எங்களுக்குப் பின்னாலை செருப்பையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனி. பிறகு என்னெண்டு அப்பிடி எழுத உனக்குக் கை போச்சு?"

"அவவுக்கு வீடு கிடைக்கட்டும் எண்டுதான் அக்கா."

"என்னத்துக்கு வீடு? நாங்கள் செத்துப்போனமோ?"

வீட்டுக்கு இல்லை, கதவுள்ள கக்கூஸுக்கு என்றேன். ஆம்பிளைகள் கடலைப் பார்த்தார்கள். மகேஸ் அக்காவுக்கு முகம் கறுத்துப்போயிற்று. பரமேஸ்வரியின் பக்கம் திரும்பினார்.

"இதை ஏனடி எங்களிட்டச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களோ அக்கா?" என்றாள் பரமேஸ்வரி. "தண்ணி வேணுமோ எண்டு கேட்டனீங்கள். சோறு போதுமோ எண்டு கேட்டனீங்கள். இதை ஒருத்தரும் கேக்கேல்லை. இந்த மிஸ்ஸும் கேக்கேல்லை, நானாத்தான் சொன்னனான்."

உண்மை. அறுபத்து நான்கு கேள்வியில் உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு கேள்வி இல்லை. இருபத்தொரு வீட்டுக்காரரும் அதைக் கேட்கவில்லை. எங்களுக்கு அது மறந்து போனதற்குச் சம்பளம் தந்தார்கள். அவர்களுக்கு அதுவும் இல்லை.

சம்மாட்டியார் தொண்டையைச் செருமினார். "ஒரு கக்கூஸ் கட்ட எத்தினை நாள் வேணும்?" என்று மச்சானைக் கேட்டார். அவ்வளவுதான். பூட்டு உடைந்த மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் துவங்கினார்கள். இந்தப் பக்கம் கட்டு, காற்று அந்தப் பக்கம், கிணறு கிட்ட, உனக்கு என்ன தெரியும் என்று அரை மணித்தியாலம் சண்டை. ஐந்தாறு பொம்பிளைகள் பரமேஸ்வரியைச் சுற்றி இருந்துகொண்டு அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஏச்சு வாங்கினாள்.

சீமெந்துக்கு அனுமதி எடுக்கவேண்டிய காலம் அது. இருந்தாலும் இரண்டு பை வந்து சேர்ந்தது. அந்தப் பன்னிரண்டு வீடுகளும் கட்டுகிற இடத்தில் அந்தக் கிழமை இரண்டு பை "மழையில் நனைந்து கட்டியானதாக" ஒரு பதிவு இருக்கும். மேற்கொண்டு கேட்காதீர்கள், நான் ஓய்வூதியம் எடுத்துச் சாப்பிடுகிறவள். பிடி எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று பரமேஸ்வரி நிலத்தில் இருந்தபடியே கையை எட்டிக் காட்டினாள். மேசன் அந்த இடத்தில் கரியால் கோடு போட்டான். கொழுக்கியை வழக்கமான உயரத்தில் அடித்துவிட்டு வந்தவனை மகேஸ் அக்கா திருப்பி அனுப்பினார். நிலத்தில் இருந்து ஒரு முழத்தில் அடித்துவிட்டு வந்தான்.

வீடு வேண்டாம் என்று பரமேஸ்வரி கடிதம் கொடுத்தாள். அறிக்கையில் அவள் "ஒத்துழைக்க மறுத்த பயனாளி" ஆனாள். எனக்கு, சேவையின் அவசியம் கருதித் தூரத்துப் புல்மோட்டைக்கு இடமாற்றம் வந்தது. அந்தப் பன்னிரண்டு வீட்டில் குடியேறியவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒவ்வொருவராகச் சொந்தக்காரரிடம் திரும்பிப் போனார்கள். சாய்தளங்களை ஆடுகள் நன்றாகப் பயன்படுத்தின. ஐயா பதவி உயர்வு பெற்று, ஒரு மாநாட்டுக்கு வெளிநாடு போய், அயல் ஆதரவு பற்றிக் கட்டுரை வாசித்தார் என்று கேள்விப்பட்டேன்.

புல்மோட்டைக்குப் போகுமுன் அந்தக் குடியிருப்புக்கு ஒருக்காப் போனேன். அன்றைக்குத்தான் கக்கூஸுக்குக் கதவு போட்டிருந்தார்கள். பத்து மணி வெயிலில், ஏதோ பொங்கலுக்கு நிற்கிற மாதிரி, ஊர்ப் பொம்பிளைகள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். பரமேஸ்வரி அரைந்துகொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தியது. கொழுக்கி விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

நாங்கள் நின்றோம். கனநேரம் போயிற்று. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மகேஸ் அக்கா பொறுக்கமாட்டாமல் கதவுக்குக் கிட்டப் போனார்.

"பரமேஸ், என்னடி செய்யிறாய்? விழுந்து கிழுந்து போனியோ?"

"இல்லை அக்கா. ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப திறவன்."

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. நான் இதுக்கை சும்மா இருக்கிறன்."

மகேஸ் அக்கா கதவில் வைத்த கையை எடுத்தார். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"என்னடி எல்லாரும் வாசலிலை நிண்டு பாக்கிறியள்? போங்கோ, வேலையைப் பாருங்கோ! அவள் வரேக்கை வரட்டும்."

எல்லோரும் கலைந்தார்கள். நான் மட்டும் பையும் கையுமாக நின்றேன். என்னிடமும் வந்தார்.

"உனக்கும்தான் பிள்ளை. நீ எழுத இஞ்ச ஒண்டும் இல்லை. நட."

நடந்தேன்.